குடிக்க வேண்டிய மருந்து

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற சாஆ ஊரில் ஊசி போடாத டாக்டரிடம் யாரும் இரண்டாவது முறை போவதில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்தே பிழைத்துவிடலாம் என்று வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு குளுவாங் பக்கம் போய்விட்டார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் ஊசி. பிள்ளைக்குச் சளி என்றால் ஊசி. மகன் சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணவில்லை, மனசு ஒரு மாதிரி இருக்கிறது என்று வருகிற அம்மாவுக்கும் ஓர் ஊசி. அது வைட்டமின். போகும்போது அந்த அம்மா தெளிவாகத்தான் போவார்.

இந்த நம்பிக்கையை ஊருக்குள் ஏற்றிவிட்டவர் சோமசேகரம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். டிரஸ்ஸர் என்றால் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்தில் டாக்டர் எப்போதாவது ஜீப்பில் வந்து, பால் விடாத தே ஓ தேநீர் குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பிரசவம், பாம்புக்கடி, மலேரியா, அரிவாள் வெட்டு, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாவற்றையும் பார்த்தது டிரஸ்ஸர். ஓய்வு பெற்று டவுன் பக்கம் தாமான் என்கிற குடியிருப்பில் வீடு வாங்கி வந்த பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். அவர் யாரிடமும் காசு வாங்கியதில்லை. அது சட்டப்படி குற்றம் என்பதால் அல்ல; காசு வாங்கினால் டாக்டர் ஆகிவிடுவோம் என்ற பயம். டாக்டர்கள்மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை இல்லை.

யாழ்ப்பாணத்துப் பூர்வீகம். அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக வந்தவர். வாசலுக்கு வெளியே சோமசேகரம் ஊரோடு ஒத்து "வாங்க", "போலாம் லா" என்று பேசுவார். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் "எண்டு", "இஞ்சேருங்கோ" தொடங்கிவிடும். பேச்சைக்கூடச் செருப்பு மாதிரி வாசலில் மாற்றிக்கொள்கிற குடும்பம்.

அவர் மனைவி அன்னலட்சுமிக்கு வந்த சனியன் ஒரு கடைவாய்ப் பல்லில் தொடங்கியது.

பல் டாக்டர் பிடுங்கிவிட்டு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். சோமசேகரம் அந்த கேப்ஸ்யூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது போதாது என்று முடிவு செய்து, தன் அலமாரியிலிருந்து இன்னொரு வகையையும் சேர்த்துக் கொடுத்தார். பல் பிடுங்கிய புண் ஆறிவிட்டது. வயிறு கழியத் தொடங்கியது. கழிச்சலுக்கும் கிருமிதானே காரணம் என்று மூன்றாவது ஒன்றைக் கொடுத்தார். அதன் பிறகு அன்னலட்சுமி கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடக்கிற வழியில் நாற்காலி போட வேண்டி வந்தது, நடுவில் உட்கார்ந்து போக.

மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் லோஷினி என்ற இளம் டாக்டர், மலத்தைச் சோதித்துவிட்டு, இதற்குப் பெயர் பெரிது, நாங்கள் சி-டிஃப் என்று கூப்பிடுவோம் என்றார். குடலில் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆன்டிபயாட்டிக் அதிகமாகப் போனால் அவையெல்லாம் செத்து இடம் காலியாகிறது. காலி வீட்டில் இந்தப் பொல்லாத கிருமி வந்து உட்கார்ந்துகொள்கிறது. துரத்தினாலும் விதை போட்டுவிட்டுப் போகும், திரும்பி வரும் என்று விளக்கினார். அன்னலட்சுமி தலையாட்டினார். சோமசேகரமும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும், மகள் வயசுப் பிள்ளை எனக்குக் கிருமி பாடம் எடுக்குது என்றார்.

லோஷினி சொன்னபடியே நடந்தது. முதல் தடவை மாத்திரையில் நின்றது, சில வாரங்களில் திரும்பி வந்தது. அன்னலட்சுமி மிக ஒழுங்கான மனுஷி. கைலி, படுக்கை விரிப்பு எதையும் பிறர் தொட விடமாட்டார். எழுந்து நிற்க முடியாத நாளிலும் குளியலறையில் பலகை போட்டு உட்கார்ந்து தானே பிளீச் ஊற்றித் துவைத்தார். ஒரு நாள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு துவைக்கிற வேலை சோமசேகரத்துக்கு வந்தது. பின்கட்டில் கொடி நிறைய விரிப்புகள் தொங்கின. மழைக்காலம், எதுவும் காயவில்லை. செம்பனை ஆலையின் புகைவாடை எல்லாவற்றிலும் ஏறியிருந்தது.

இரண்டாம் தடவை வார்டில் தனி அறை. உள்ளே போகிறவர்கள் மஞ்சள் பிளாஸ்டிக் அங்கி போட வேண்டும். மருந்து கொடுக்கிற நேரத்தில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், அவரை வெளியே நிற்கச் சொல்லிவிடுவாள். இத்தனை வருஷம் பிறரை வெளியே நிற்கச் சொன்னவர், காரிடாரில் நின்று சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தைப் படித்து, அதில் ஒரு தப்பு கண்டுபிடித்தார்.

அன்னலட்சுமி தேறினார். வயிறு அடங்கியது. மிச்ச மருந்தை வீட்டில் முடிக்கலாம் என்று அனுப்பினார்கள். அன்று மகள் சுகந்தினி லீவு போட்டு வந்திருந்தாள். அவள் எல்லைப் பக்கம் தெப்ராவில் குடியிருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். லீவு எடுப்பதென்றால் ஒரு வாரம் முன்பே மேலதிகாரியிடம் கெஞ்ச வேண்டும். மருந்து கவுண்டரில் அவளைத் தனியே கூப்பிட்டு, சின்னச் சின்ன கண்ணாடிக் குப்பிகளைக் காட்டி, உள்ளே இருக்கிற பொடியைச் சுத்தத் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத இந்தச் சிரிஞ்சால் அளந்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடிக்கக் கொடுக்க வேண்டும், கரைத்ததை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவளும் ஒப்பித்துக் காட்டினாள்.

வீட்டில் அப்பாவிடம் ஒப்பித்தபோது அவர் சிரித்தார். குப்பியை வாங்கி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். மேலே ஆஸ்பத்திரி ஸ்டிக்கர், மலாயில், குடிப்பதற்கு என்று. நகத்தால் அதைச் சுரண்டினார். கீழே கம்பெனி அச்சடித்தது ஆங்கிலத்தில் இருந்தது: நரம்பு வழியே ஏற்றுவதற்கு.

"பார் பிள்ளை. மருந்தைச் செய்தவனுக்குத் தெரியாததா, ஸ்டிக்கர் ஒட்டினவனுக்குத் தெரியும்?"

"அப்பா, அவை ரெண்டு தரம் சொன்னவை. குடிக்கவேணும் எண்டு."

"குடிக்கிற மருந்தை ஏன் ஊசிக் குப்பியில அடைக்கிறான்? போத்தல் இல்லாமலா? கவுண்டர்ல நிண்டது புதுப் பிள்ளையா இருக்கும். நான் பாத்துக்கொள்ளுறன். நீ போய் உன் வேலையைப் பார்."

சுகந்தினி சிரிஞ்சை மேசைமேல் வைத்தாள். சிறு வயதில் அவளுக்கு டைஃபாய்டு வந்தபோது காப்பாற்றியவர் அவர். அவர் கையில் குப்பி இருந்தால் அவளால் அதற்குமேல் வாதாட முடியாது. மறுநாள் விடிவதற்குள் பாலத்தில் நிற்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

சோமசேகரம் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். அலமாரியிலிருந்து சேலைன் பாட்டிலும் டியூபும் வந்தன. இதெல்லாம் அவரிடம் எப்போதும் இருக்கும். குப்பியோடு வந்த காகிதத்தை விரித்து எறும்பெழுத்தை முழுவதும் படித்தார். வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து அரிக்கும், ஆகவே மெதுவாக. முருகன் காலண்டரைக் கழற்றி ஃபிரிட்ஜ்மேல் படுக்க வைத்துவிட்டு அந்த ஆணியில் பாட்டிலைத் தொங்கவிட்டார்.

அன்னலட்சுமி கட்டிலிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ. வார்டுல எனக்குச் சின்னக் கோப்பையிலதானே தந்தவை. சரியான கசப்பு."

"அது வேற மருந்தா இருக்கும், அன்னம்."

"அப்பிடியே?"

"பின்ன?"

அவர் அதற்குள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பல் பிடுங்கிய நாளிலிருந்து காணாமல் போயிருந்த தெளிவு அது. அன்னலட்சுமி அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

ஊசி ஏறியது தெரியவில்லை. அந்தக் கையைக் குறை சொல்ல ஊரில் ஒருவரும் கிடையாது.

இரண்டு நாளில் அன்னலட்சுமிக்கு நன்றாகவே ஆகிவிட்டது. வறண்டு கிடந்த உதடு ஈரமானது. எழுந்து உட்கார்ந்து கஞ்சியில் உப்பு குறைவு என்றார். அவரை எழுப்பியது சேலைன், வெறும் உப்புத் தண்ணீர். காய்ந்த உடம்பில் யார் ஏற்றினாலும் அப்படித்தான் ஆகும். டிரஸ்ஸருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் தான் செய்தது சரி என்று நிரூபணமாகிவிட்ட மனுஷன் வேறு காரணம் தேடிப் போவதில்லை.

பக்கத்து வீட்டு திருச்செல்வம் இளநீர் கொண்டுவந்தான். தோட்டத்திலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி அவனுடையது. சட்டையெல்லாம் பழத்து எண்ணெய், தலையில் முள் துணுக்கு. பாட்டிலையும் படுத்திருந்த முருகனையும் பார்த்துவிட்டு, என்ன கதை என்று கேட்டான். சோமசேகரம் ஸ்டிக்கர் கதையைச் சொன்னார். திருச்செல்வம் தொடையில் அடித்துச் சிரித்தான்.

"அலமாக். ஊசி மருந்த குடிக்க சொன்னானுங்களா? அப்ப நாளைக்கு டீசல குடுத்து, லோரிக்கு மேல ஊத்துன்னு சொல்வானுங்க போல. நல்ல வேள டிரஸ்ஸரய்யா, அம்மா ஒங்க கிட்ட இருக்காங்க."

இந்தக் கதை அன்று மாலைக்குள் சாப்பாட்டுக் கடை வரைக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரியின் முட்டாள்தனத்தை டிரஸ்ஸரய்யா கண்டுபிடித்த விதம் என்று நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீயோடு பரிமாறப்பட்டது. ஊருக்கு நீண்ட நாளாக இப்படி ஒன்று தேவைப்பட்டது.

மழை விடவில்லை. வயிறு திரும்பக் கழியத் தொடங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு முன்னைவிட மோசமாக. சோமசேகரம் டியூபில் சொட்டு விழுவதைக் கடிகாரம் வைத்துச் சரிபார்த்தார். மருந்து ஒரு சொட்டுக்கூட வீணாகவில்லை. நரம்புகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வந்தன. இடது கையில் இடம் முடிந்து வலது கை, வலது கை முடிந்து புறங்கால். தொட்ட இடமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியது. ஒவ்வொரு தடவை குத்தும்போதும், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார். அன்னலட்சுமி பொறுத்துக்கொண்டார்.

சுகந்தினி வீடியோவில் கூப்பிட்டு, மருந்து சரியாகப் போகிறதா என்று கேட்பாள். எல்லாம் நேரத்துக்கு நடக்குது என்று அம்மா சொல்வார். போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு சொல்வார்.

சாப்பாடு எதுவும் இறங்கவில்லை. ஒரு நாள் சொதி வேண்டும் என்றார். சோமசேகரம் வாழ்நாளில் அடுப்பைத் தொட்டதில்லை. தேங்காய்ப் பால் பிழிந்து, மஞ்சள் போட்டு, பச்சை மிளகாய் கீறி, வெந்தயத்தை மருந்து மாதிரி எண்ணிப் போட்டார். பால் திரிந்துவிட்டது. அன்னலட்சுமி கோப்பையை மூக்கருகே வைத்து மணந்து பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, பிறகு குடிக்கிறன் என்று கீழே வைத்தார். வயிறு இப்போது கழியவில்லை. ஊதத் தொடங்கியிருந்தது. கழிச்சல் நின்றது நல்லதற்கா கெட்டதற்கா என்று சோமசேகரம் விரலால் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். தட்டிய ஓசை அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், ஆற்றுத் தண்ணீரோ ரோட்டுக்கு ஏறிவிட்டது. காரெல்லாம் தாமானுக்குள் அடைந்து கிடந்தன. திருச்செல்வம்தான், லோரி ஒசரம், தண்ணி ஒண்ணும் பண்ணாது, வாங்க என்றான். குலை ஏற்றுகிற லோரியின் முன் சீட்டில் பிளாஸ்டிக் விரித்து அன்னலட்சுமியை நடுவில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் டயரில் பாதிக்கு நின்றது. ரோடு எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. வரிசையாக நிற்கும் செம்பனைகளுக்கு நடுவே குத்துமதிப்பாக ஓட்டினான். வழியில் ஒரு தடவை அன்னலட்சுமி வாந்தி எடுத்தார். திருச்செல்வம், பரவாயில்லம்மா, இந்த லோரி பாக்காததா, ஒரு தடவ ஆடு குட்டியே போட்டிச்சு என்றான். அவர் சிரிக்கப் பார்த்தார். சீட்டு நனைந்ததற்காக அழவும் செய்தார்.

சுகந்தினி வேறு வழியாகச் சுற்றி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள்.

அவசரப் பிரிவில் லோஷினி அன்னலட்சுமியின் வயிற்றில் கை வைத்தார். முகம் மாறியது. கைகளில் இருந்த கன்றல்களைப் பார்த்தார். வீட்டில் சேலைன் ஏற்றினீர்களா என்று கேட்டார். சோமசேகரம் ஆமாம் என்றார். லோஷினி அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் ஆன்ட்டி உயிரோடு இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தார்கள் என்றார். பிறகு அன்னலட்சுமியின் பக்கம் குனிந்தார்.

"ஆன்ட்டி, நாங்க குடுத்த மருந்த ஒழுங்கா குடிச்சீங்களா? ஒரு வேள கூட விடாம?"

சோமசேகரம் வாயைத் திறந்தார். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து அவர் விரலைப் பிடித்தது.

"குடிச்சனான் டாக்டர்," என்றார் அன்னலட்சுமி. "ஒரு சொட்டு விடேல்ல."

வீட்டில் வைத்து ஊசி மருந்து ஏற்றியதற்கு ஆஸ்பத்திரியில் திட்டுவார்கள், அதிலிருந்து தன்னைக் காப்பாற்றுகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். குப்பியும் அதேதான், உடம்பும் அதேதான், எந்த வழியாகப் போனால் என்ன? வாயை மூடிக்கொண்டார்.

மாலையில் லோஷினி அவரையும் சுகந்தினியையும் காரிடாரில் உட்கார வைத்துப் பேசினார். பெருங்குடல் ஊதிப் பழுதாகிக்கொண்டு வருகிறது. இந்த நோய்க்கு அந்தக் குப்பி மருந்துதான் நம்பிக்கையானது. அதை முழுதாகக் குடித்தும் இப்படி ஆகியிருந்தால், அவருக்கு அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சர்ஜனைக் கூப்பிட்டிருக்கிறேன். காலையில் குடலை எடுக்க வேண்டி வரும். இந்த உடம்பு மேசையிலிருந்து எழுந்து வருமா என்று என்னால் சொல்ல முடியாது.

சுகந்தினி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டாள்.

சோமசேகரம் வேறு யாரையோ பற்றிக் கேட்பவர் மாதிரி கேட்டார்.

"டாக்டர், அதே மருந்த குடிக்காம, நரம்புல ஏத்தினா?"

"பிரயோஜனமே இல்ல அங்கிள். ரத்தத்துக்குள்ள போனா சிறுநீர்ல வெளிய போயிடும். குடலுக்குள்ள எட்டியே பாக்காது. குடிச்சா ரத்தத்துல சேராது, குடலுக்குள்ளயே நின்னு வேல செய்யும். அதுக்குத்தான் ஊசி மருந்தயே கரைச்சு குடிக்க குடுக்கறோம்." லோஷினி எழுந்தார். "நீங்க டிரஸ்ஸரா இருந்தவர்தானே. தோட்டத்துல இந்த நோய பாத்திருக்க மாட்டீங்க."

அவர் பார்த்ததில்லை. அல்லது பார்த்து, அதற்கும் ஏதாவது ஏற்றியிருப்பார்.

மஞ்சள் அங்கியை முன்பின் மாற்றி மாட்டிக்கொண்டு அறைக்குள் போனார். அன்னலட்சுமி கண்ணை மூடியிருந்தார். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உனக்கு முதல்லயே தெரியும்," என்றார்.

"வார்டுல தந்த குப்பியும் அதேதான்," என்றார் அன்னலட்சுமி கண்ணைத் திறக்காமல். "மிஸ்ஸி எனக்கு முன்னாலதானே கரைச்சவ. நீல மூடி."

"பின்ன ஏன் சொல்லேல்ல?"

"சொன்னனான். கசப்பு எண்டு சொன்னனான்."

"ஒருக்கா சொன்னாய். திருப்பிச் சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம்."

அன்னலட்சுமி மூச்சு வாங்கினார். "நீங்கள் கை கழுவிட்டியள். எவ்வளவு நாளைக்குப் பிறகு உங்கட முகம் அப்பிடி இருந்தது. ரெண்டு வழியாலயும் மருந்து போகும்தானே எண்டு நானும் நினைச்சன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

இயந்திரம் ஒன்று சத்தம் போட்டுவிட்டுத் தானாக அடங்கியது.

"நான் டாக்டரிட்ட சொல்லப் போறன்," என்றார்.

"வேண்டாம். சொல்லாதேங்கோ."

"அறுக்கப் போகினம், அன்னம். மருந்து தோத்துட்டுது எண்டு நினைச்சு அறுக்கப் போகினம். மருந்து தோக்கேல்ல. அது உனக்குள்ள போகவே இல்லை."

"சுகந்திக்குத் தெரிஞ்சா அவள் உங்களோட கதைக்க மாட்டாள். ஊர்ல எல்லாரும் டிரஸ்ஸரய்யா எண்டுதானே கூப்பிடுதுகள். நான் போயிட்டா உங்களிட்ட அது ஒண்டுதான் மிஞ்சும்."

அவர் எழுந்தார். அன்னலட்சுமி அவர் விரலைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. பிடியில் பலமே இல்லை. ஆனாலும் அதை விடுவிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

லோஷினியிடம் அவர் அந்தக் காலத்தில் டாக்டருக்கு அறிக்கை சொன்ன மாதிரியே நின்று சொன்னார். எந்த அளவு, எத்தனை மில்லி சேலைனில், எவ்வளவு நேரம், எந்த நரம்பு. அழவில்லை. லோஷினி கேட்டு முடித்ததும் திரும்பி நடந்தார், பிறகு ஓடினார். காரிடார் பெஞ்சில் சுகந்தினி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆபரேஷன் நிறுத்தி வைக்கப்பட்டது. மருந்து வாய்வழியாகவும், கீழிருந்து குழாய்வழியாகவும் போனது. முதல் கோப்பையை மிஸ்ஸி கொண்டுவந்தபோது லோஷினி சோமசேகரத்தை வெளியே நிற்கச் சொல்லவில்லை. கோப்பையை அவர் கையிலேயே கொடுத்தார். அது தண்டனையா தயவா என்று இன்றுவரை அவருக்கு விளங்கவில்லை. அன்னலட்சுமியின் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தார். அன்னலட்சுமி முகத்தைச் சுளித்தார்.

"இதுதான்," என்றார். "இந்தக் கசப்புத்தான்."

வயிறு மருந்துக்குக் கேட்டது. ஊதல் கொஞ்சம் இறங்கியது. ஒரு காலையில் அன்னலட்சுமி நல்ல நினைவோடு இருந்து, சொதிக்கு அடுப்பைக் குறைத்துவிட்டுத்தான் பாலை ஊற்ற வேண்டும், கொதிக்க விட்டால் திரியும் என்று சோமசேகரத்துக்குச் சொல்லிக் கொடுத்தார். சுகந்தினியிடம், அப்பாவுக்கு அது செய்யத் தெரியேல்ல, நீ பார்த்துக்கொள் என்றார். சுகந்தினி சரியென்றாள். அப்பா பக்கம் திரும்பவில்லை.

குடல் ஒத்துழைத்தது, மற்றதெல்லாம் களைத்துப்போயிருந்தது. சிறுநீரகம் நின்றது, பிறகு நெஞ்சு. லோஷினி அங்கியைக் கழற்றியபடி வெளியே வந்து, கொஞ்சம் முன்னால் தொடங்கியிருந்தால், என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததை முடிக்கவில்லை. அவரும் நல்ல பிள்ளைதான்.

இழவு வீட்டுக்கு ஊரே வந்தது. மழை விட்டிருந்தது, ரோடெல்லாம் சேறு. கூடாரத்துக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆட்கள் கச்சான் கடலை கொறித்துக்கொண்டு பேசினார்கள். எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. திருச்செல்வம்தான் விளக்கிக்கொண்டிருந்தான்.

"வீட்ல இருந்த வரைக்கும் அய்யா ஊசியிலதான் ஏத்துனாரு, அம்மா எந்திரிச்சு ஒக்காந்து கஞ்சி குடிச்சாங்க, நானே பாத்தேன். அங்க கொண்டுபோனோம். அதே ஊசி மருந்த கோப்பையில ஊத்தி குடிக்க வச்சிருக்கானுங்க. வயசான மனுஷி, தாங்குமா?"

கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். கேஸ் போடணும் லா என்றார் ஒருவர்.

சோமசேகரம் எழுந்து கூடாரத்துக்கு வந்தார். ஆஸ்பத்திரி தப்பு இல்லை, அது குடிக்கிற மருந்துதான், நான்தான் பிசகாக ஏற்றினேன், அதனால்தான் போய்விட்டாள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். திருச்செல்வம் வந்து அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான்.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்கய்யா. மனசு ஒடஞ்சு போயி பேசறீங்க. ஒங்க கைய பத்தி எங்களுக்கு தெரியாதா?"

யாரோ அவருக்கு மைலோ கலக்கிக் கொண்டுவந்தார்கள். அவர் திரும்பவும் சொன்னார். எவ்வளவு பெரிய மனுஷன், பழியைத் தானே ஏத்துக்கிறார் பார் என்று பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னதை நம்பிய ஒரே ஆள் உள்ளே அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். காரியம் முடிந்த அன்றே அவள் தெப்ராவுக்குக் கிளம்பினாள். காரில் ஏறும் முன், சாப்பாட்டை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள் என்றாள். அப்பா என்று கூப்பிடாமல் சொன்னாள்.

சில நாள் கழித்து, குலை வெட்டுகிற கமலநாதன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். செம்பனை முள் ஏறி உள்ளங்கை வீங்கியிருந்தது. ஒரு ஊசி போட்டு விடுங்கய்யா, நாளைக்கு வேலைக்குப் போகணும் என்றான். சோமசேகரம் பழக்கத்தில் முழங்கை வரை கழுவினார். அலமாரியைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

"அரசாங்க கிளினிக்குக்குப் போ," என்றார்.

"அங்க மாத்திரதான்யா குடுப்பானுங்க."

"குடுத்தா முழுங்கு."

கமலநாதன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். அம்மா போனதிலிருந்து அய்யாவுக்குத் தலை சரியில்லை என்று அன்று மாலைக்குள் சாப்பாட்டுக் கடையில் முடிவாகிவிட்டது. அதன் பிறகு யாரும் வரவில்லை.

மகள் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டின் மிச்சத்தை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோதுதான் தயிர் டப்பாவுக்குப் பின்னால் அது கண்ணில் பட்டது. நீல மூடி போட்ட ஒரு குப்பி, ஸ்டிக்கர் சுரண்டப்படாதது. ஏற்ற நரம்பு கிடைக்காமல் மிஞ்சிப்போனது. அவர் அதை மேசைக்குக் கொண்டுவந்தார். சுத்தத் தண்ணீர் விட்டுக் கரைத்தார். குலுக்காமல், உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கரைத்தார்; நுரை வரக் கூடாது. ஊசியில்லாத சிரிஞ்சு இன்னும் பிரிக்காத உறையில் இருந்தது. அதைப் பிரித்து, சொன்ன அளவை அளந்து, அன்னலட்சுமி சொதி மணந்து பார்த்த கோப்பையில் விட்டார். ஃபிரிட்ஜ்மேல் காலண்டர் முருகன் படுத்தே கிடந்தார்.

குடித்தார். கசந்தது.

அந்த வீட்டில் முதல் தடவையாக அந்த மருந்து போக வேண்டிய வழியில் போயிற்று. அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரம் ஆகட்டும் என்று கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.